டிஜிட்டல்னா இரைச்சலே இல்லையா?

'டிஜிட்டல்னா இரைச்சலே வராது'ன்னு பலர் சொல்றாங்க. சரியா?

நம்ம வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அடிக்கோடு மட்டும் போட்ட அளவுகோலில் 60.4 அடி தண்ணீரை 60 என்றே எழுதுவோம். விடுபட்ட 0.4 தான் பிழை. ஒலியை எண்ணாக மாற்றும்போதும் இப்படித்தான். அந்தப் பிழை இரைச்சலாகிறது.

ஒரு பிட் கூட்டினால் கோடுகள் இரட்டிப்பாகும், பிழை பாதியாகும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி சுமார் 6 டெசிபல் கூடும்.

8 பிட் – 256 படிகள் – அதிகபட்சம் சுமார் 50 டெசிபல்
16 பிட் (சி.டி.) – 65,536 படிகள் – சுமார் 98 டெசிபல்

அளப்பது எப்படி? சிக்னல் கொடுக்காம எண்களைக் கவனிங்க. எண் ஆடினால், அந்த ஆட்டமே இரைச்சல்!

நினைவில் கொள்க: மைக்கிலேயே கலந்த இரைச்சல், பிட் கூட்டினாலும் போகாது. முதலில் மைக், வயரைச் சரிபாருங்க!