மேப்பைத் திறக்கும் முன்: மூங்கில்துறைப்பட்டுத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் தன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரை உன் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தி, "ஸ்டேஜ் ஒன் ஃபைல் போட்டுக் கொடு, உள்ளே சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் ரேஸ் காரு மாதிரி மாற்றிக் கொடு" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். இன்ஜின் கணினியான ஈசியூவில் ஏற்றும் மேப், அதாவது அந்த ஃபைல், விலைக்குக் கிடைக்கிறது, லேப்டாப்பும் கேபிளும் கையில் இருக்கின்றன, இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னைப் போலச் சிற்றூர்ப் பட்டறைகளில் இருந்தபடி இந்த வேலைக்கு ஆசைப்படும் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால், பதிலைப் பொதுவாகவே எழுதுகிறேன்.

இந்தத் தொழில் உங்கள் ஊருக்குப் புதிதில்லை. சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையில் வரிசை கட்டி நிற்கும். "வண்டி இழுக்க மாட்டேங்குது, பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டி வை" என்று கேட்டு வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பாய். திருகைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி இழுக்கும். கூடவே கரும்புகையும் வரும். உள்ளே போகும் காற்றால் எரிக்க முடிகிற அளவுக்கு மேல் டீசல் ஊற்றிவிட்டாய் என்று இன்ஜின் சொல்லும் பதில்தான் அந்தப் புகை. கேட்கத் தெரிந்த மெக்கானிக் அதைப் பார்த்ததும் திருகைப் பின்னுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இன்றைய டர்போ பெட்ரோல் காரில் அந்தப் பதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பூஸ்ட்டைக் கூட்டி, இக்னிஷனை முன்தள்ளி வைத்த கார் முதல் வாரம் அருமையாக ஓடும். உரிமையாளர் நண்பர்களிடமெல்லாம் உன் பெயரைச் சொல்வார். உள்ளே கலவை நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் நடந்துகொண்டிருப்பது அவர் காதில் விழாது. பிஸ்டனின் ரிங் வரப்பு உடைந்து, எண்ணெய் எரிந்து, கம்ப்ரஷன் விழுந்த பிறகுதான் தெரியும். ஆகவே நான் உனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அளக்காமல் எதையும் கூட்டாதே. ஒவ்வொரு வரம்பையும் யாரோ ஒரு பொறியாளர் ஒரு காரணத்துக்காக வைத்திருக்கிறார். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அதில் கை வை.

உன் முன்னால் நிற்கும் காரையே எடுத்துக்கொள். 2013-இல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐயின் 1.2 லிட்டர் இன்ஜின் 105 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். அதோடு சேர்ந்து வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியின் பெயர் டிகியூ200. உலர் கிளச்சுகள் கொண்ட அந்தப் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று வடிவமைக்கப்பட்டது. ஃபைல் விற்பவர் காட்டும் டைனோ வரைபடத்தில் இன்ஜின் எவ்வளவு கொடுக்கும் என்பது மட்டும்தான் இருக்கும். அந்தக் கிளச் எவ்வளவு வாங்கும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை ஏற்றத்தில் சூடேறிய பிறகு எவ்வளவு வாங்கும் என்பதை நீதான் கேட்க வேண்டும்.

இதை முறையாகச் செய்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். முன்னாள் பந்தய வீரர் ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கோயம்புத்தூரில் இருக்கிறது. அந்த நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக உருவாக்கிய டியாகோ ஜேடிபி 2018 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. சாதாரண பெட்ரோல் டியாகோவுக்கு 85 பிஎஸ், 114 நியூட்டன் மீட்டர். ஜேடிபியில் நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜினை வைத்து 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர் என்று ட்யூன் செய்தார்கள். அதே இன்ஜின் அப்போது நெக்ஸானில் 170 நியூட்டன் மீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. சின்ன காருக்கு மாற்றும்போது உச்ச சக்தியைச் சற்றே ஏற்றியவர்கள் முறுக்குவிசையை இறக்கியிருக்கிறார்கள்! கூடவே சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, அகலமான டயர் போட்டு, கியர் விகிதத்தையும் மாற்றினார்கள். உள்ளே ஏசி துவாரங்களைச் சுற்றிச் சிவப்பு, சீட்டில் சிவப்புத் தையல், அலுமினிய பெடல்கள். காற்றுப்பைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆறரை லட்சத்துக்கும் குறைவான விலைக்கு வந்த அந்தக் கார் 2020-இல் விற்பனையிலிருந்து நின்றுபோனாலும், மாற்றி அமைப்பது என்றால் என்ன என்பதற்கு நல்ல பாடம். எங்கேயாவது ஒன்று கிடைத்தால் ஒரு நாள் முழுக்க அதன் அடியில் படுத்துப் பார்.

அடுத்து எரிபொருள், வெயில், மலை ஆகிய மூன்றும்.

நீ விலைக்கு வாங்கும் ஃபைல் ஐரோப்பாவுக்கென்று எழுதப்பட்டதாக இருக்கலாம். அங்கே சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 95, உயர்தரம் 98. நம் பாரத் ஸ்டேஜ் 6 சாதாரண பெட்ரோலுக்குக் கேட்கப்பட்ட குறைந்தபட்சம் 91. இப்போது பம்புகளில் வரும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். உங்கள் பக்கத்து வயல்களில் விளையும் கரும்பின் கழிவுப்பாகிலிருந்தும் எடுக்கப்படுகிற பொருள்தான் அது. எத்தனால் ஆக்டேனை உயர்த்தும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். ஆனால் ஒரு லிட்டரில் அதற்குள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதிகம் ஊற்ற வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்றால், இ20-க்கு அது 13.5-ஐ ஒட்டி வரும். பழைய 14.7 கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு மீட்டரைப் பார்த்தால் ஏமாறுவாய். லாம்டா மதிப்பைப் பார்க்கப் பழகு. எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு லாம்டா 1 என்றே காட்டும். சாதாரண ஓட்டத்தில் ஈசியூ தானே திருத்திக்கொள்ளும், எவ்வளவு திருத்துகிறது என்பது ஃபியூல் ட்ரிம்மில் தெரியும். முழு ஆக்சிலேட்டரில் பல கார்கள் மேப்பில் உள்ள எண்ணை நம்பியே ஊற்றும். அங்கே கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடேறும்.

சித்திரை வெயிலில் இன்ஜினுக்குள் போகும் காற்று எத்தனை டிகிரி என்று ஸ்கேனரில் பார். குளிர்நாட்டில் சரியாக இருந்த இக்னிஷன் எண் இங்கே மதியம் இரண்டு மணிக்குச் சரியாக இருக்காது. இருட்டிய பிறகு புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்து "சூப்பர்" என்று கையெழுத்துப் போடாதே.

கல்வராயன் மலை உனக்குக் கிடைத்த பெரிய ஆசிரியர். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் நாலு பேருடன், ஏசி போட்டு, பெரிய கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அந்த நிலையைத்தான் சிறிய டர்போ நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் தாங்க மாட்டா. வேகம் குறைவு, பூஸ்ட் அதிகம் என்னும்போது பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகத் தீப்பிடிக்கும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடிய கோளாறு அது. ஆகவே 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே பூஸ்ட்டைக் கூட்டி "பிக்கப்" காட்டும் ஃபைலை வாங்காதே. மலையில் சோதிப்பதானால் பகலில், போக்குவரத்து விதிக்குள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து லாக் எடுக்கச் சொல். வேகச் சோதனைக்கு அந்தச் சாலை இடமில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் மாடும் வரும், பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்.

இனி கைவேலை. காரில் இருக்கும் ஸ்டாக் ஃபைலை முதலில் படித்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்து. அது இல்லாமல் எழுதத் தொடங்காதே. எழுதும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் ஈசியூ பாதியில் நின்று செத்துப்போகும். சாதாரண சார்ஜர் போதாது, வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் சப்ளை வேண்டும். நம் ஊர்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், அந்த சப்ளையும் லேப்டாப்பும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய பின் லாக் எடு: பூஸ்ட், லாம்டா, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், நாக் சென்சார் ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை டிகிரி பின்வாங்கச் சொல்கிறது என்பது. நாலில் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கடி பின்வாங்கினால் மேப்பை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்.

உள்ளலங்காரத்தை எளிய வேலை என்று நினைத்துவிடாதே. இன்ஜினைக் கெடுத்தால் பணம் போகும், இங்கே கெடுத்தால் ஆள் போய்விடுவார். மஞ்சள் கனெக்டர் கண்ட இடமெல்லாம் காற்றுப்பையின் ஒயர். பேட்டரியைக் கழற்றி, கம்பெனி புத்தகம் சொல்லும் நேரம் காத்திருக்காமல் அதைத் தொடாதே. டெஸ்ட் லைட்டை அதில் ஒருபோதும் வைக்காதே. பந்தய ஸ்டீயரிங் போட்டால் ஓட்டுநரின் காற்றுப்பை போய்விடும், ஆகவே ரோட்டு வண்டிக்கு அது வேண்டாம். சீட்டின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களில் தடித்த உறையைச் சுற்றித் தைத்தால் பை வெளியே வர வழி இருக்காது. ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு எதுவானாலும் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வை. ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவதை இன்றோடு விட்டுவிடு. கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடு.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதை நீயும் பார்த்திருப்பாய். அவர் காயமின்றி இறங்கி நடந்தார். பந்தயக் காரில் எஃகுக் கூண்டு, உடலைப் பிடிக்கும் சீட்டு, பல முனைப் பட்டை, ஹெல்மெட், கழுத்துக் காப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று துணையாக வேலை செய்யும். அவற்றில் ஒன்றை மட்டும் பிடுங்கி ரோட்டு வண்டியில் வைத்தால் பாதுகாப்பு குறையும். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் எஃகுக் குழாய் எதற்கு? ஏற்ற சீட்டு இல்லாமல் நாலு முனைப் பட்டை கட்டினால், மோதும்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள். ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்குத் தடையாக வந்து நிற்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடு, டீசல் புகை வடிகட்டியான டிபிஎஃப்பைக் காலி செய் என்று கேட்பவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிடு. அந்த நச்சுப் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் உன் தெருவில்தான் இருக்கிறார்கள்.

வேகத்துக்கென்று இடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம், கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே. எஸ். கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்டது இரண்டாவது. 1980களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் காரை உருவாக்கியவர் அவர். 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதி எனப்பட்ட அத்தகைய காரில்தான். சின்ன இன்ஜினும் கட்டுப்பாடான விதிகளும் கைவினைஞனுக்குத் தடையே இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பந்தயப் பருவத்தில் ஏதாவது ஓர் அணியில் டயர் மாற்றும் கையாகவாவது சேர்ந்துகொள். ஒரு சுற்று முடிந்ததும் அவர்கள் முதலில் லேப்டாப்பைத் திறந்து எதைப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனி.

இப்போது அந்தப் போலோவுக்கு வருவோம். உரிமையாளரை ஒரு வாரம் காத்திருக்கச் சொல். பிளக், ஏர் ஃபில்டர், பூஸ்ட் குழாயில் கசிவு, கிளச்சின் நிலை, பிரேக், டயர் எல்லாவற்றையும் பார். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் என்பதால் உள்வால்வுகளில் கரி படிந்திருக்கலாம், அதையும் பார். "பிக்கப் இல்லை" என்று வரும் பழைய டர்போ கார்களில் பலவற்றுக்குத் தேவை புது ஃபைல் இல்லை, கம்பெனி கொடுத்த 105 பிஎஸ்ஸைத் திரும்பப் பெறுவதுதான். அதைச் செய்து கொடு. முன்னும் பின்னும் எடுத்த லாக்கை அவருக்குக் காட்டு. சீட்டுக்கு நல்ல தையல், பழைய ஸ்டீயரிங்குக்கே தோல் உறை, ஒழுங்கான ஒயரிங். இவற்றில் உன் கை வண்ணத்தைக் காட்டலாம். அதற்கு மேலும் சக்தி வேண்டுமென்றால், தடத்துக்கென்று தனியாக ஒரு காரை வைத்துக்கொண்டு வரட்டும், அப்போது நானும் வருகிறேன்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு நோட்டு போடு. என்ன இருந்தது, எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய், அளவு என்ன சொன்னது என்று எழுதி, ஒரு பிரதியை உரிமையாளர் கையில் கொடு. உன் வேலையை இன்னொரு மெக்கானிக் படித்துச் சரிபார்க்க முடிய வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கக் கூசுகிற வேலையை எவ்வளவு பணம் தந்தாலும் ஏற்காதே. இந்த ஒழுங்கைப் பிடித்தால் கோவைக்கும் சென்னைக்கும் ஓட வேண்டியதில்லை. கார்கள் உன்னைத் தேடி மூங்கில்துறைப்பட்டுக்கு வரும்.

முதல் லாக் எடுத்ததும் எனக்கு அனுப்பு. சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்