சரக்கு வண்டியின் பாடி நீளம்: வாங்குமுன் அளக்க வேண்டியவை

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்திற்குப் பரிசோதனைக்காகச் சென்றிருந்தோம். வாயிலில் புதிய சரக்கு வண்டி ஒன்று நின்றது. பாடியின் நீளம் 10 அடி. ஆயினும், வண்டி வாங்கிய பின்னரும் கணக்கில் மாதந்தோறும் சுமைகூலி எழுதப்பட்டிருந்தது. காரணம் வினவியபோது நிர்வாகிகள் சற்றே தயங்கினர். நெசவாளர் தெருவில் அவ்வண்டி திரும்ப இயலாதாம். ஆகவே நூல் தெருமுனையில் இறக்கப்பட்டு, தலைச்சுமையாகத் தறிவீடுகளுக்குச் செல்கிறது. அங்கத்தினரின் பங்குப் பணமும் கடனும் சேர்ந்து வாங்கிய வண்டியின் நிலை இது.

ஆண்டுக்கொரு முறை கண்காட்சிக்குப் பந்தல் மரங்கள் கொண்டு செல்ல வேண்டும் என்பதே நீண்ட பாடியைத் தேர்ந்ததற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஆண்டில் ஒரு நாள் வரும் சரக்குக்கு வாடகை லாரி போதும். நாள்தோறும் வரும் சரக்கு எதுவோ, அதற்கே சொந்த வண்டியை அளக்க வேண்டும்.

நூலை எடுத்துக்கொள்வோம். 10 ராத்தல் சிப்பங்கள் 40 கொண்ட ஒரு பேல் ஏறத்தாழ 181 கிலோ. நான்கு பேல் ஏற்றினால் 726 கிலோ ஆகிவிடும். 750 கிலோ தாங்கும் 7 அடி வண்டிக்கு (மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் வகை) அதுவே நிறைந்த பாரம். பாடியில் இடம் மிஞ்சியிருந்தாலும் ஐந்தாவது பேலுக்கு அனுமதியில்லை. ஆக, நூலுக்கு நீளம் முக்கியமன்று, எடையே முக்கியம்.

காய்கறி பயிரிடுவோர் நிலை வேறு. அவர்களுடைய பிளாஸ்டிக் பெட்டி பெரும்பாலும் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். பெட்டிகளை நீளவாக்கில் அடுக்கினால் 7 அடிப் பாடியில் ஒரு வரிசைக்கு 3, 8 அடியில் 4, 10 அடியில் 5 அடங்கும். 9 அடியிலோ அதே நான்குதான்! கூடுதலாகக் கொடுத்த ஓர் அடி வெறுமனே கிடக்கும். ஐந்தரை அடி அகலத்தில் நான்கு வரிசைகள் நிற்குமாதலால், 8 அடிப் பாடியில் ஓர் அடுக்குக்கு 16 பெட்டிகள், 10 அடியில் 20. தக்காளி நிறைந்த பெட்டி 20 கிலோ என்று கொண்டால், 80 பெட்டிகள் 1,600 கிலோ. இதை 8 அடியில் ஐந்து அடுக்காகவும் 10 அடியில் நான்கு அடுக்காகவும் ஏற்றலாம். மேடுபள்ளமான பாதையில் நான்கு அடுக்கே ஆடாமல் வரும். வைக்கோல், பூக்கூடை போன்ற இலேசான சரக்குகளுக்கும் நீண்ட பாடி பயன்படும்.

குறைந்த நீளமுள்ள வண்டியை வாங்கிவிட்டு, பின்கதவைத் திறந்து மூங்கிலை வெளியே நீட்டி ஏற்றுவோரும் உண்டு. பின்அச்சுக்கு அப்பால் பாரம் மிகுந்தால் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்புவிசை கட்டுப்படாது. சட்டமும் கடுமையானது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு வெளியே நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். எடை மிகுந்தாலும் 20,000 ரூபாய், அதன்மேல் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வண்டி வாங்கத் தீர்மானம் எழுதுமுன் செய்யத்தக்க எளிய காரியம் ஒன்றுண்டு. சங்க முற்றத்தில் பாடியின் நீள அகலங்களைச் சுண்ணாம்பால் கோடிட்டு, ஒரு நாளைய சரக்கை அதனுள் அடுக்கிப் பாருங்கள். பின்னர் விற்பனையாளரிடமிருந்து ஒரு வண்டியைச் சோதனைக்காக வரவழைத்து, மிகக் குறுகிய தெருவில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுபவர் உங்கள் ஊர்க்காரராக இருக்கட்டும். விற்பனையாளரின் ஆள் எந்தச் சந்திலும் திருப்பிக் காட்டிவிடுவார்!

முற்கூறிய சங்கத்தார் இப்போது அவ்வண்டியை வாரம் மூன்று நாட்கள் பக்கத்துக் காய்கறிப் பயிரிடுவோர் சங்கத்திற்கு வாடகைக்கு விடத் தீர்மானித்துள்ளனர். வாடகைத் தொகை சேர்ந்ததும் 7 அடி வண்டி ஒன்று வாங்குவதாக எண்ணம். அதுவரை சுமைகூலி தொடரும்.