மனநோயாளரின் உரிமையும் ஊராட்சியின் கடமையும்

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு வீதியில் தொடங்கி மறு வீதியில் முடிபவை அவை. அத்தகைய வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் அவருக்குரிய இடம் பின்கட்டு என்றாகிவிடுகிறது. ஏழைக் குடியானவர் வீடாயின் மாட்டுக்கொட்டில். பெரும்பாலும் இது உறவினரின் கொடுமையால் நேர்வதன்று. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தடைப்படுமே என்ற அச்சத்தால் நேர்வது. அவ்வாறு மறைக்கப்பட்டவரும் நம்மைப்போன்ற முழுப் பிரஜையே என்பதை ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோர் தெளிவாக உணர்தல் வேண்டும்.

முதலில் நோயை அறிவோம். மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைபாடு வேறு, வலிப்பு வேறு. நம் கிராமங்களில் இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிப் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். வளர்ச்சிக் குறைபாடு பிறவியிலோ இளமையிலோ தோன்றுவது. அதற்குப் பயிற்சியே பெருந்துணை. வலிப்பு மூளையைச் சார்ந்த உடல்நோய். மனச்சிதைவு போன்ற மனநோயோ, நன்றாக ஏர் பிடித்து உழுதுகொண்டிருந்த இளைஞனையும் திடீரெனப் பற்றக்கூடும். பல நாள் உறக்கமின்மை, யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதாகக் கூறுதல், அயலார்மீது காரணமற்ற ஐயம், குளிக்காமலும் உண்ணாமலும் முடங்குதல் ஆகியவை அதன் குறிகள். 1950-களிலிருந்தே இதற்கு மருந்துகள் உண்டு. சில வாரங்களில் குணம் தெரிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் நாம் காணும் பெருந்தவறு. கதிர் வந்துவிட்டதென்று நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்துவார் உண்டோ?

இனி, நம் அண்டையில் நடந்த ஒரு துயரத்தைக் கூறவேண்டும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, இராமநாதபுரம் வழியாகத் தெற்கே சென்றால் கடற்கரையில் ஏர்வாடி. 1985-ஆம் ஆண்டிற்கு முன் அவ்வூரும் நம் ஊர்களும் ஒரே மாவட்டம். அங்குள்ள தர்காவிற்கு எல்லா மதத்தினரும் நோயாளிகளை அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பல எழுந்தன. ஓலைக் கொட்டகைகளில் நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்று தீப்பற்றியது. சங்கிலி காலில் இருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்திற்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

தர்காவிற்கோ, குணசீலம் போன்ற கோயிலுக்கோ செல்வதை நாம் குறைகூறவில்லை. வேண்டுதலோடு மருந்தும் சேரலாம். ஏர்வாடியிலேயே இன்று அவ்விதம் நடைபெறுகிறது. கூடாதது சங்கிலி ஒன்றே.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 95-ஆம் பிரிவில் தடைசெய்கிறது. ஊராட்சியினர் கருத்தில் பதிக்கவேண்டிய மற்றொரு பிரிவு 101. ஒரு வீட்டில் மனநோயாளர் கொடுமைக்கோ புறக்கணிப்பிற்கோ உள்ளாகிறார் என்று நம்பக் காரணமுடைய எவரும் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கவேண்டும்; காவல் அதிகாரி அதை நீதிபதிக்கு அறிவிக்கவேண்டும். ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று ஒதுங்குவதற்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. எனினும், பஞ்சாயத்தார் முதலில் அவ்வீட்டாரிடம் அன்புடன் பேசி, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் துணை நிற்பதே நலம் என்பது நம் அபிப்பிராயம். காப்பாற்றிக் காப்பாற்றிக் களைத்துப்போன தாய்க்குக் காவலரைவிட ஒரு வண்டியும் ஒரு துணையாளும் உதவும்.

சொத்து விஷயத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. பல பங்காளிகளுக்குரிய பெரிய வீடுகளும் வயல்களும் நிறைந்த பகுதி இது. நோயுற்றவரை விட்டுவிட்டுப் பாகம் பிரிப்பதும், அவரிடம் விவரம் கூறாமல் கைந்நாட்டு வாங்குவதும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் மனநோயும் ஒன்று. அச்சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே சொத்து வைத்திருக்கவும் வாரிசாகவும் உரிமை உண்டு. வாக்குரிமையும் அவ்வாறே, தகுந்த நீதிமன்றம் சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்மானித்தாலன்றி, ஒருவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து அக்காரணத்தால் நீக்க இயலாது. ஊரார் பேச்சு நீதிமன்றத் தீர்ப்பாகாது.

மழை பொய்த்துக் கடன் மிகுந்த காலத்தில் விவசாயிகளைப் பற்றும் மனச்சோர்வும் நோயே. பூச்சிமருந்தைக் குடித்தவரைப் போலீசுக்கு அஞ்சி வீட்டிலேயே வைத்திருந்து இழந்த குடும்பங்கள் உண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டின் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

மருத்துவர் நகரத்தில் அல்லவா இருக்கிறார் என்று கேட்கலாம். அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம், 2010-இல் ஒரு பேருந்தையே மருத்துவமனையாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளி பேருந்தினுள் அமர்ந்து, சென்னையிலுள்ள டாக்டரைத் திரையில் கண்டு பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். நம் மாவட்டத்தில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசியில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

2025-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக அமர வழிசெய்கிறது. அவ்விடத்திற்கு ஊரில் யார் யார் உளர் என்று எண்ணும்போது, கண்ணுக்குத் தெரியும் ஊனமுடையோரோடு நிறுத்தாமல், மருந்துண்டு தேறி மீண்டும் வயலுக்குச் செல்பவரையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.