திட்டம் போடாவிட்டாலும் கொலைதான்

நம்பிக்கை: முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தால்தான் கொலை. ஆத்திரத்தில் நடந்துவிட்டால் பெரிய தண்டனை கிடையாது.

உண்மை: சினிமா வக்கீல்கள் கிளப்பிவிட்ட கதை இது. நம் சட்டத்தில் கொலைக்கு முன்திட்டம் தேவையே இல்லை. 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கில் விழுந்தது ஒரே ஒரு ஈட்டிக் குத்துதான். வயிற்றில் பாய்ந்து குடல் வெளியே வந்துவிட்டது. மறுநாள் உயிர் போனது. கொல்லும் எண்ணம் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. அந்தக் காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கினார், அது இயல்பாகவே உயிரைப் பறிக்கக்கூடியது என்று நிரூபணமானால் போதும் என்றது நீதிமன்றம்.

ஆத்திரத்துக்கும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கடுமையாக, திடீரெனச் சீண்டப்பட்டு, தன்னிலை இழந்த அந்த நேரத்திலேயே நடந்திருக்க வேண்டும். கடற்படை அதிகாரி நானாவதி 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் என்ன செய்தார்? தனக்கு வேறொருவருடன் தொடர்பு என்று மனைவி சொன்ன பிறகு, அவரையும் பிள்ளைகளையும் சினிமா தியேட்டரில் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய், வேறு காரணம் சொல்லி, ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அந்த மனிதரை அலுவலகத்தில் தேடி, பிறகு வீட்டுக்குப் போய்ச் சுட்டார். இடையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆளுநர் மன்னிப்பில் பின்னர் வெளியே வந்தது தனிக்கதை.

நம்பிக்கை: கொலைக் குற்றம் இல்லை என்றாகிவிட்டால் ஆள் தப்பித்தார்.

உண்மை: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில், கொலைக்கான பழைய 302-ஆவது பிரிவு 103 ஆகிவிட்டது. கொலையாகாத மரணம் விளைவித்ததற்கு 105-ஆவது பிரிவு. அதிலும் ஆயுள் தண்டனை வரை போகலாம். கவனக்குறைவால் நேர்ந்த மரணம்தான் உண்மையில் லேசானது. 106-ஆவது பிரிவின்படி பொதுவாக 5 ஆண்டு வரை.

நம்பிக்கை: எஃப்.ஐ.ஆரில் போட்ட பிரிவுதான் கடைசிவரை.

உண்மை: வெட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கொலை முயற்சி வழக்கு, அவர் இறந்தால் போலீஸ் பிரிவை மாற்றும். குற்றச்சாட்டு வனையும்போது நீதிமன்றமும் மாற்றலாம்.

நம்பிக்கை: ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்.

உண்மை: ஆயுள் முழுவதும்தான். கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, 14 ஆண்டு சிறையில் கழிக்காமல் தண்டனைக் குறைப்பில் வெளியே வர முடியாது. அதன் பிறகும் விடுவிப்பது அரசின் முடிவு. கைதியின் உரிமை அல்ல.