கால்ஷீட்டுக்கு நடுவே ஒரு கதை

கேள்வி: உதவி இயக்குநராக வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கதையை எழுதி முடிக்க முடியுமா? (வாசகர், தேனி)

பதில்: படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் ரொம்பவே கஷ்டம். காலை கால்ஷீட் என்றால் விடியும் முன்பே வண்டி கிளம்பிவிடும். கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி குறிப்பது, நடிகருக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது, கூட்டத்தை நகர்த்துவது என்று பொழுது ஓடிவிடும். பேக்கப் ஆனாலும் மறுநாள் காட்சிக்குத் தேவையான பொருட்களின் பட்டியல் காத்திருக்கும்.

இரண்டு படங்களுக்கு நடுவே விழும் மாதங்கள்தான் எழுதுவதற்கானவை. அப்போது சம்பளம் இராது, நேரம் இருக்கும்.

வேலையே பயிற்சியாகவும் அமையலாம். பாலுமகேந்திராவிடம் உதவியாளராக இருந்த வெற்றிமாறன், ‘கதை நேரம்’ தொலைக்காட்சித் தொடருக்காகச் சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தந்தவர். அவருடைய முதல் படம் ‘பொல்லாதவன்’ 2007-இல் வந்தது.

விடுமுறை நாட்களை நம்பியவர் சத்யஜித் ராய். கல்கத்தாவில் விளம்பர நிறுவன வேலையை விடாமல், 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கினார். அடுத்த வாரம் போனால் பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன! மீதிக் காட்சிக்கு அடுத்த பருவம்வரை காத்திருந்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. ழான் ரென்வாரின் ‘தி ரிவர்’ படப்பிடிப்பை வேடிக்கை பார்த்து, விளக்குகள் வைத்த விதத்தைக் குறித்துவைத்திருந்தார். படம் 1955-இல் வெளியானது.

எழுதி முடித்ததும், யாரிடமும் கதை சொல்லும் முன், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் அதைப் பதிவு செய்துவிடுங்கள்.