பழைய கம்ப்யூட்டரில் டச் ஸ்கிரீன்: டிரைவர் நிறுவுவது எப்படி?

பழைய டச் மானிட்டர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கி வருகிறோம். கம்ப்யூட்டரில் இணைத்தால் படம் தெளிவாக வருகிறது. ஆனால் தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. டிரைவர் சிடியோ எப்போதோ தொலைந்து போயிருக்கும்.

புதுக்கடையில் எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கும் இதே சிக்கல்தான். "படம் தெரியுது அண்ணே, தொட்டா அனங்க மாட்டேங்குது" என்றார். அவரிடம் இருப்பது பென்டியம் 4 கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. அவருடைய பில்லிங் சாப்ட்வேர் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. எனவே கம்ப்யூட்டரை மாற்றாமல் டச் ஸ்கிரீனை இயங்க வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்த வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

டச் மானிட்டர் என்பது உண்மையில் இரண்டு கருவிகள். ஒன்று படம் காட்டும் மானிட்டர். மற்றொன்று அதன் முன்னால் ஒட்டியிருக்கும் தொடு கண்ணாடி. இரண்டுக்கும் தனித்தனி கேபிள் உண்டு. படம் விஜிஏ கேபிளில் வருகிறது. தொடும் தகவல் யுஎஸ்பி கேபிளிலோ 9 பின் சீரியல் கேபிளிலோ போகிறது. படம் வருவதால் தொடுதலும் வேலை செய்யும் என்று நினைக்கக் கூடாது.

கண்ணாடியிலும் வகைகள் உண்டு. கடைகளில் பயன்பட்ட பழைய மானிட்டர்களில் ரெசிஸ்டிவ் வகையை அதிகம் பார்க்கலாம். இது அழுத்தத்தால் இயங்குவது. அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் 1971ல் தொடங்கிய எலோகிராபிக்ஸ் நிறுவனம் (பின்னாளில் எலோ) இந்த வகையை வளர்த்தெடுத்தது. இந்தியாவில் 2011ல் வெளியான ஆகாஷ் டேப்லட்டின் முதல் வடிவத்திலும் ரெசிஸ்டிவ் திரைதான் இருந்தது. செல்போனில் உள்ள கெபாசிட்டிவ் திரை போல இது மென்மையாக இயங்காது. ஆனால் ஈரக் கை, கையுறை, பேனா முனை எதுவானாலும் அழுத்தினால் போதும். மீனும் தேங்காயும் தொட்ட கையோடு பில் போடும் கடைக்கு இதுவே பொருத்தம்.

1. பேக்கப்

டிரைவர் விண்டோஸின் அடித்தளத்தில் போய் உட்காரும் புரோகிராம். தவறான டிரைவரால் விண்டோஸே துவங்காமல் போகலாம். எனவே பில்லிங் டேட்டா போல்டரை முதலில் பென் டிரைவில் காப்பி எடுங்கள். அடுத்து ஸ்டார்ட், புரோகிராம்ஸ், ஆக்சசரீஸ், சிஸ்டம் டூல்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர் சென்று ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள். சிஸ்டம் ரீஸ்டோர் உங்கள் கணக்குகளைக் காப்பாற்றாது. அதனால் இரண்டுமே தேவை.

2. கன்ட்ரோலர் எது?

மானிட்டரின் பிராண்டைக் கொண்டு டிரைவர் தேடாதீர்கள். மானிட்டரை ஒரு நிறுவனமும் உள்ளே இருக்கும் டச் கன்ட்ரோலரை வேறு நிறுவனமும் தயாரித்திருக்கலாம். நமக்கு வேண்டியது கன்ட்ரோலருக்கான டிரைவர்.

யுஎஸ்பி வகை என்றால், மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர் செல்லுங்கள். மஞ்சள் கேள்விக்குறியுடன் இருக்கும் டிவைஸை டபுள் கிளிக் செய்து டீடெய்ல்ஸ் டேபைத் திறந்தால் ஒரு நீண்ட வரி தெரியும். அதில் விஐடி என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இடக் குறியீடு தயாரிப்பாளரைக் காட்டும். உதாரணமாக, 0596 என்றால் மைக்ரோடச். பிஐடி என்பதை அடுத்து வருவது மாடலைக் காட்டும்.

சீரியல் வகை என்றால் மானிட்டரின் பின்புற லேபிளைப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் மானிட்டர் இந்த வகைதான். சீரியல் கேபிளைக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இணையுங்கள்.

3. டிரைவரைப் பெறுதல்

எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில், கன்ட்ரோலர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்து, வைரஸ் சோதனை முடித்துக் கொண்டுவாருங்கள். எல்லா டிரைவரையும் இலவசமாகத் தேடித் தருவதாகச் சொல்லும் புரோகிராம்களை நம்ப வேண்டாம். 32 பிட் விண்டோஸுக்கு 32 பிட் டிரைவர், 64 பிட்டுக்கு 64 பிட் டிரைவர். மாற்றிப் போட்டால் வேலை செய்யாது.

4. இன்ஸ்டால் செய்தல்

செட்அப் பைலை இயக்குங்கள். யுஎஸ்பியா சீரியலா என்று கேட்டால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். சீரியல் எனில் காம் 1 அல்லது காம் 2 என்று போர்ட்டையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்த பைல் என்பது உறுதியாக இருந்தால் மட்டும் கன்டினியூ எனிவே கொடுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சீரியல் போர்ட் இல்லாத கம்ப்யூட்டரில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் போடலாம். ஆனால் அதை எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையில் செருகுங்கள். துளை மாறினால் காம் எண்ணும் மாறக்கூடும்.

5. கேலிபிரேஷன்

டிரைவர் வந்ததும் கர்சர் நகரும்; ஆனால் விரல் ஓர் இடத்திலும் கர்சர் வேறு இடத்திலும் இருக்கும். பயப்பட வேண்டாம். 12 பிட் கன்ட்ரோலர் விரலின் இடத்தை 0 முதல் 4095 வரையிலான எண்ணாக அனுப்புகிறது. அதைத் திரையின் பிக்சலாக மாற்றுவதே டிரைவரின் வேலை. திரையின் இடது ஓரம் 300, வலது ஓரம் 3800 என்று வைத்துக்கொள்வோம். 2050 என்ற எண் வந்தால் அது சரியாக நடு இடம். 1024 பிக்சல் அகலத் திரையில் 512வது பிக்சல். இந்த ஓர எண்களை டிரைவருக்குக் கற்றுத்தருவதுதான் கேலிபிரேஷன்.

முதலில் மானிட்டரில் உள்ள ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டனை அழுத்திப் படத்தை நேராக்குங்கள். படம் கோணலாக இருக்கும்போது கேலிபிரேட் செய்தால், பிறகு படத்தை நேராக்கும்போது எல்லாம் தவறிவிடும். அதன்பின் கன்ட்ரோல் பேனலில் டச் ஸ்கிரீன் ஐகானைத் திறந்து கேலிபிரேட் கொடுங்கள். திரையில் தோன்றும் குறிகளை ஒவ்வொன்றாக, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றபடியே தொடுங்கள்.

சில கோளாறுகள்

* கர்சர் தானாகத் துள்ளுகிறதா? டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியைப் பாருங்கள். சீரியல் கருவியை விண்டோஸ் சில வேளை சீரியல் பால்பாயிண்ட் என்ற மவுஸாக நினைத்துக்கொள்ளும். அதை டிஸேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த முறை மறுபடியும் வந்துவிடும். விண்டோஸ் துவங்கும்போது திரையைத் தொடாதீர்கள்.

* கர்சர் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்கிறதா? சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசியோ உப்போ படிந்து அழுத்திக்கொண்டிருக்கலாம். மானிட்டரை அணைத்துவிட்டு, லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் துடையுங்கள். நேராகத் திரையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். புதுக்கடை போலக் கடற்காற்று வரும் ஊர்களில் இதை அடிக்கடி செய்வது நல்லது.

எக்ஸ்பி கட்டாயம் இல்லை என்றால் லினக்ஸும் போடலாம். எலோ, மைக்ரோடச் போன்ற கன்ட்ரோலர்களுக்கான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கின்றன. ஆனால் புதிய லினக்ஸ் பதிப்புகள் பல 32 பிட்டைக் கைவிட்டுவிட்டதால், பழைய ப்ராசசருக்கு 32 பிட் பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியானதும் இன்னொரு சிறிய வேலை பாக்கி உண்டு. டிரைவர் பைலை ஒரு சிடியில் பதியுங்கள். கன்ட்ரோலர் பெயரையும் காம் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரின் பின்னால் ஒட்டிவையுங்கள். மறுபடி விண்டோஸ் போட நேர்ந்தால், தேடி அலையாமல் அரை மணி நேரத்தில் கடையைத் திறந்துவிடலாம்.