மொனராகலையில் லெப்டொப் வாங்கப் போகிறவர்களுக்கு

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் அடுத்த பேச்சு லெப்டொப்தான். படல்கும்புரவிலோ பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்ட வீட்டில் அந்தக் காசு சும்மா கிடப்பதில்லை. சீட்டைக் கழிவுக்கு எடுப்பார்கள், தோடு அடகுக்குப் போகும், கொழும்பில் வேலை செய்யும் அக்கா பாதி அனுப்புவார். 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,750 ரூபாயாக்குவதாக அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் 175,000 ரூபாய் லெப்டொப் என்பது நூறு நாள் வேலை, அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு சதம்கூட எடுக்காமல். இப்படிச் சேர்த்த காசைக் கொண்டுபோய், கடை வாசலில் ஒட்டிய 'ஒஃபர்' தாளைப் பார்த்து எதையாவது தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒன்றரை லட்சத்துக்குக் குறைவாகத்தான் இருக்கிறது என்றால், புதிய மலிவு லெப்டொப்பை விட, நல்ல நிலையிலுள்ள பாவித்த அலுவலக லெப்டொப் நம் பக்கத்துக்குப் பொருந்தும். மலிவாக வரும் புதியவற்றில் பெரும்பாலும் செலரோன் புரொசஸரும் பலகையோடு ஒட்டிய 4 ஜிபி ரேமும் இருக்கும். ஒரு வருடத்தில் அது திணறும், திறந்து கூட்டவும் வழியிருக்காது. அலுவலகங்களுக்கென்று செய்த டெல் லெட்டிடியூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்றவற்றின் அடிப்பலகையை ஸ்க்ரூ டிரைவரால் திறக்கலாம். பெட்டரி, கீபோர்ட், ரேம் எல்லாம் பெரும்பாலும் தனித்தனியாக மாற்றலாம். பதுளையிலோ பண்டாரவளையிலோ இருக்கும் திருத்துநருக்கு அவை கைப்பழக்கமானவை. மொனராகலை மாவட்டத்துக்கு ரயில்கூட இல்லை. 'வாரண்டி உண்டு, கொழும்புக்கு அனுப்ப வேண்டும்' என்று கடைக்காரர் சொன்னால், அந்த வாரண்டியில் பாதி பஸ்ஸிலேயே செலவாகிவிடும்.

எதற்கு வாங்குகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த லெப்டொப்பில் தினமும் செய்யப்போகும் மூன்று வேலைகள் என்ன? சாதாரண தரப் பிள்ளைக்குப் பாடக் காணொளியும் பிடிஎஃப்பும் மட்டும்தான் என்றால், இருக்கிற போனே இன்னும் இரண்டு வருடம் ஓடும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவருக்கு பைதன் எழுதவும் தரவுத்தளம் பழகவும் வேண்டும். அதற்கு எட்டாம் தலைமுறை ஐ5 தாராளம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்கோ போகிறவர்கள், அதே பாடநெறியில் இருக்கும் அண்ணாமார் அக்காமாரிடம் என்ன மென்பொருள் போட வேண்டும் என்று கேட்ட பிறகு வாங்குங்கள். முகாமைத்துவம் படிக்கிறவருக்கும், வீட்டு வரைபடம் போடும் மென்பொருள் தேவைப்படுகிறவருக்கும் ஒரே இயந்திரம் சரிவராது. கொமினிகேஷன் கடை போடுகிறவர்கள் லெப்டொப்பை விட்டுவிட்டு, பாவித்த டெஸ்க்டொப்பும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கலாம். அதே காசுக்குக் கூடிய வேகம் கிடைக்கும்.

இலக்கங்களைப் படிப்பது

'ஐ5' என்ற சொல்லை நம்பாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினோராம் தலைமுறை, 1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ஏழாம் தலைமுறையில் லெப்டொப்புக்கு வந்த சாதாரண ஐ5களுக்கு இரண்டு கோர்தான். எட்டாம் தலைமுறையில் அது நான்கானது. இந்த ஒரு படி வித்தியாசம் கையில் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறையாகப் போட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஏஎம்டி லெப்டொப் என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து ஏற்றுக்கொள்ளும். அதற்கு முந்தியதிலும் சிலர் குறுக்குவழியில் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படிப் போட்டதற்குப் புதுப்பித்தல்கள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

மொடல் பெயர் ஒன்றே போதாது. லெட்டிடியூட் 5490, எலைட்புக் 840 ஜி5 இரண்டும் எட்டாம் தலைமுறையோடு மட்டும் வரவில்லை, ஏழாம் தலைமுறையோடும் வந்தன. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். திரையில் 'சிஸ்டம்' பக்கத்தைத் திறந்து இலக்கத்தை நீங்களே வாசியுங்கள். ஏஎம்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யு என்ற பெயரில் 7ஐப் பார்த்துப் புதிது என்று நினைப்போம். அந்த இலக்கத்தில் மூன்றாவதாக வரும் 2தான் உள்ளிருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது, அது பழைய ஸென் 2.

ரேம் 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம். இன்னொரு துண்டு செருக இடமிருக்கிறதா என்றும் கேளுங்கள். திங்க்பேட் டி480இல் இரண்டு இடம் உண்டு. அதன் தம்பியான டி480எஸ்ஸில் ஒரு பகுதி ரேம் பலகையோடு ஒட்டியிருக்கும், செருக ஓர் இடம்தான். டிஸ்க் கட்டாயம் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று பெருமையாகச் சொல்வதை விட 256 ஜிபி எஸ்எஸ்டி ஆயிரம் மடங்கு நல்லது. திரை 1920க்கு 1080 ஆக இருக்கட்டும். 1366க்கு 768 திரையில் எக்செல் தாளின் பாதி எப்போதும் மறைந்தே கிடக்கும்.

மேசையில் வைத்துச் சோதித்தல்

பாவித்ததை வாங்கும்போது அவசரப்படவே கூடாது. காலை பஸ்ஸில் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய், கடையில் ஒரு மணித்தியாலம் இருக்கத் தயாராகப் போங்கள். இருக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். ஒரு பென் டிரைவ், ஒரு ஹெட்செட், டேட்டா உள்ள போன் மூன்றையும் கொண்டுபோங்கள்.

நம் ஊரில் பலர் செய்யாமல் விடும் சோதனையோடு தொடங்குகிறேன். இந்த அலுவலக லெப்டொப்கள் வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்டவை. சில நிறுவனங்கள் தங்கள் பதிவிலிருந்து அவற்றை நீக்காமலே விற்றுவிடுகின்றன. கடையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். வீட்டில் ஒருநாள் ரீசெட் பண்ணி இணையத்தோடு இணைத்ததும், எங்கோ இருக்கும் ஒரு கம்பனியின் பெயரோடு 'உங்கள் அலுவலகக் கணக்கைக் கொடுக்கவும்' என்று கேட்கும். அதோடு சரி. ஆகவே கடையிலேயே கேளுங்கள்:

"அண்ணே, ஒருக்கா ரீசெட் பண்ணி, என் போன் டேட்டாவுல கனெக்ட் பண்ணி பாத்துருவோமா?"

"அதுக்கு அரை மணித்தியாலம் போகும் தம்பி."

"பரவாயில்லண்ணே, இருக்கிறேன்."

இதற்கு ஒத்துக்கொள்ளும் கடைக்காரர் பொருளை அறிந்து விற்கிறவர். அதே கையோடு இயந்திரத்தை அணைத்துப் போட்டு பயோஸுக்குள் போகச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்டு, அது கடைக்காரருக்கும் தெரியாது என்றால் எழுந்துவிடுங்கள். பயோஸில் தெரியும் சீரியல் இலக்கமும் அடியில் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்றும் பாருங்கள்.

அடுத்தது பெட்டரி. விண்டோஸே பெட்டரி அறிக்கை ஒன்றைத் தரும், எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் இரண்டு இலக்கங்கள் முக்கியம்: செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் பெட்டரியில் 60 வீதம் மிஞ்சியிருக்கிறது. அறுபதுக்குக் கீழே என்றால் புதிய பெட்டரியின் விலையை அங்கேயே கழித்துப் பேசுங்கள். கொம்பனிப் பெட்டரியா, போலியா என்றும் கேட்டு பில்லில் எழுத வையுங்கள். டி480இல் உள்ளே ஒன்றும், வெளியே கழற்றக்கூடிய ஒன்றுமாக இரண்டு பெட்டரி இருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் தோட்டத்துக்கு அது பெரிய வசதி.

மற்றவை சீக்கிரம் முடியும். வெள்ளைப் படமும் கறுப்புப் படமும் முழுத்திரையில் போட்டு புள்ளி, கறை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுகிறதா? மூடியைப் பாதியில் விட்டால் நிற்கிறதா, விழுகிறதா? ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள், ஒவ்வொரு துளையிலும் பென் டிரைவைச் செருகுங்கள், கமராவில் முகத்தைப் பாருங்கள். யூடியூபில் ஒரு காணொளியை இருபது நிமிடம் ஓடவிட்டுக் கையை அடியில் வையுங்கள். சூடு ஏறுவது இயல்பு. விசிறி ஓயாமல் இரைந்தால், அல்லது திடீரென்று எல்லாம் மந்தமானால், உள்ளே தூசியோ காய்ந்த பேஸ்ட்டோ இருக்கிறது. சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள்.

கேம் ஆடுகிறவர்களுக்கு

தம்பிமார் கோபிக்க வேண்டாம். கேமும் படிப்பும் ஒன்றாக வேண்டும் என்றால் பட்ஜெட் கூடத்தான் வேண்டும். தனி கிராபிக்ஸ் இல்லாமல் வலோரன்ட் போன்றவற்றை ஓரளவு ஆடலாம். பதினோராம் தலைமுறை ஐ5இன் ஐரிஸ் எக்ஸ்ஈ போதும், ஆனால் இரண்டு ரேம் துண்டு போட வேண்டும். ஒரு துண்டோடு இருந்தால் அதே சிப் முழு வேகத்தில் ஓடாது, விண்டோஸிலும் வெறும் யுஎச்டி என்றே பெயர் காட்டும். எட்டாயிரம் பத்தாயிரம் குறைத்துக் கேட்கும் விற்பனைக்காரர் ஒரு துண்டைக் கழற்றியிருக்கக்கூடும், பாருங்கள்.

பெரிய கேம்களுக்கு ஜிடிஎக்ஸ் 1650இலிருந்து தொடங்கலாம். ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருந்தால் எத்தனை வொட் என்று கேளுங்கள். அதே பெயரில் 35 வொட்டிலும் உண்டு, 80 வொட்டிலும் உண்டு. ஆடும்போது இரண்டும் ஒன்றல்ல. பாவித்த கேமிங் லெப்டொப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். வருடக்கணக்கில் கொதித்த இயந்திரம் அது, மொனராகலை, வெல்லவாய வெயிலில் இன்னும் கொதிக்கும். இன்னொன்று, வலோரன்ட் போன்ற ஆட்டங்களின் சேர்வர்கள் மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. மலைச்சரிவில் இருக்கும் லயத்தில் 4ஜி சிக்னல் ஒரு கோடுதான் என்றால், எந்த கிராபிக்ஸ் கார்ட்டும் ஆட்டம் இழுபடுவதைத் தடுக்காது. முதலில் போனில் பிங் பாருங்கள், பிறகு காசைக் கட்டுங்கள்.

கரண்டும் இடியும்

வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த லெப்டொப்களின் சார்ஜருக்கு இரண்டு கம்பிப் பிளக் இருக்கும். நம் வீட்டுச் சதுர சொக்கட்டில் அது போகாது. உடனே பேனாவால் மேல் துளையைக் குத்தித் திறந்து, இரண்டு கம்பியையும் திணிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள், ஈரக் காலத்தில் அது உயிரோடு விளையாட்டு. சார்ஜர் பெட்டியில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பெட்டியை மாற்றத் தேவையில்லை. சுவரிலிருந்து வரும் வயரை மட்டும், 13 அம்பியர் மூன்று கம்பிப் பிளக் உள்ளதாகக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் இந்தச் சார்ஜர்கள் சமாளிக்கும்.

இடிதான் எதிரி. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் ஊவாவில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியுடன் மழை என்று வானிலை அறிக்கை சொல்வதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த மாதங்களில் காலையிலேயே சார்ஜ் ஏற்றிவிட்டு, மத்தியானத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ரௌட்டரையும் கழற்றுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண் சரிந்த இரவுகளை நினைத்தால், பாடக் குறிப்புகளின் பிரதி ஒன்று லெப்டொப்புக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்பது புரியும். முக்கியமான கோப்புகளைக் கூகுள் டிரைவிலும் போடுங்கள்.

காசைக் கொடுக்கும்போது

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் விலை எப்படி என்று போனில் விசாரியுங்கள், பேரம் பேச உதவும். வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் பக்கத்து ஊரில் வாங்குங்கள். பழுதானால் திரும்பிப் போக வேண்டிய இடம் அதுதான். சொல்லும் விலையில் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பில்லில் மொடல், சீரியல் இலக்கம், ரேம், டிஸ்க், வாரண்டி எத்தனை மாதம், அது பெட்டரிக்கும் உண்டா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். பில் தராவிட்டாலோ, எழுதிய வாரண்டியை மறுத்தாலோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். இணையத்தில் விளம்பரம் பார்த்துத் தனியாளிடம் வாங்குகிறவர்கள், பொருளைக் கையால் தொட்டுச் சோதிக்குமுன் முற்பணம் போடவே வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று மாற்றுவது. இல்லாவிட்டால் விண்டோஸ் புதுப்பித்தல் ஒரே இரவில் மாத டேட்டாவைக் குடித்துவிடும். டேட்டா மலிவான இரவு நேரப் பொதி இருந்தால், வாரம் ஒருமுறை அந்த நேரத்தில் 'மீட்டர்ட்' அமைப்பை நீக்கிவிட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். திருட்டு ஒஃபிஸ் தேவையில்லை, லிப்ரே ஒஃபிஸ் இலவசம். பல்கலைக்கழகம் தரும் மின்னஞ்சலோடு மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸும் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் எழுத விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையும் அஞ்சலும் இருக்கின்றன, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். அச்சகத்துக்குக் கொடுக்கும் வேலை செய்கிறவர்கள் மட்டும் பாமினி எழுத்துருவையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.